ஃபோர் வீல் வண்டியில் ஏபிஎஸ் விளக்கு எரிந்தால்: பர்மா தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நம் ஊரில் ஓடும் ஃபோர் வீல் வண்டிகள், அதாவது நான்கு சக்கரத்துக்கும் இஞ்சின் விசை போகும் சர்ஃப், பஜேரோ, பிராடோ, லேண்ட் குரூசர் எல்லாம் பெரும்பாலும் ஜப்பானில் பல வருடம் ஓடிவிட்டு வந்தவை. கூடவே வந்த புத்தகமும் ஜப்பானிய மொழியில்தான் இருக்கும். அதனால் டேஷ்போர்டில் மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு (திடீரென்று பிரேக் அழுத்தும்போது சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் அமைப்பின் விளக்கு) எரிந்ததும் பலருக்கு என்ன செய்வதென்று தெரிவதில்லை. சிலர் பயந்து உடனே ஏபிஎஸ் பம்பை மாற்றப் பணம் கொடுக்கிறார்கள். சிலர் அது எரியட்டும் என்று வருடக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். இரண்டும் தவறு. கோளாறு பெரும்பாலும் சக்கரத்துக்கு அருகில், சிறிய சாமானில்தான் இருக்கும். அதைத் தேடிக் கண்டுபிடிக்கும் வழியை ரங்கூனிலும் பெகுவிலும் மோல்மேனிலும் கேட்கப்படும் கேள்விகளை வைத்தே சொல்கிறேன்.

மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிகிறது. வண்டியை ஓட்டலாமா?

ஓட்டலாம். சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். அணையாமல் நின்றாலோ, ஓடும்போது எரிந்தாலோ, கம்ப்யூட்டர் ஒரு கோளாறைக் கண்டு ஏபிஎஸ்ஸைத் தானே நிறுத்திவிட்டது என்று அர்த்தம். சாதாரண பிரேக் வழக்கம்போல் வேலை செய்யும். ஆனால் ஈரச் சாலையில் திடீரென்று அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். முன்சக்கரம் பூட்டினால் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது, நேராகவே வழுக்கிக்கொண்டு போகும். மழைக்காலத்தில் முன் வண்டியோடு உள்ள இடைவெளியைக் கூட்டி, நிதானமாக ஓட்டி, சீக்கிரம் சரி பாருங்கள்.

சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால்?

நிறுத்துங்கள். முதலில் ஹேண்ட் பிரேக் முழுதாக இறங்கியிருக்கிறதா, பிரேக் ஆயில் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆயில் குறைந்திருந்தால் பேட் தேய்ந்திருக்கலாம், அல்லது எங்கோ ஒழுகலாம். ஆயிலை மட்டும் ஊற்றி நிரப்பிவிட்டுப் போகக் கூடாது. நான்கு சக்கரத்தின் உள்பக்கத்தையும் குனிந்து பார்த்து ஈரம் இருக்கிறதா என்று தேடுங்கள்.

ஆயிலும் ஹேண்ட் பிரேக்கும் சரியாக இருந்து இரண்டு விளக்கும் எரிந்தால், முன் பின் சக்கரங்களுக்குப் பிரேக் விசையைப் பங்கிடும் வேலையும் நின்றுபோயிருக்கலாம். அந்த நிலையில் கொஞ்சம் பலமாக மிதித்தாலே பின்சக்கரம் முதலில் பூட்டி, வண்டியின் பின்பாகம் பக்கவாட்டில் சுழலும்.

இன்னொரு முக்கியமான விஷயம். லேண்ட் குரூசர் 100, பிராடோ 120, மூன்றாம் தலைமுறை பஜேரோ போன்ற வண்டிகளில் பலவற்றில் இஞ்சின் வேக்குவத்தால் இயங்கும் பூஸ்டர் கிடையாது. மின்சாரப் பம்ப் ஒன்று பிரேக் ஆயிலை அதிக அழுத்தத்தில் ஒரு சிலிண்டரில் சேமித்துவைக்கும். அந்த அழுத்தம்தான் உங்கள் காலுக்கு உதவுகிறது. அந்தப் பம்ப் நின்றால் இரண்டு விளக்கும் எரியும், பீப் சத்தமும் கேட்கும். சேமிப்பில் உள்ள அழுத்தம் சில மிதியில் தீர்ந்துவிடும், அப்புறம் பெடல் கல்லாக இறுகிவிடும். இந்தச் சத்தம் கேட்டால் பட்டறை வரை ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். வண்டியை இழுத்துக்கொண்டு போங்கள். அனுபவமில்லாதவர் அந்தக் குழாயைக் கழற்றவே கூடாது, கண்ணில் பீய்ச்சி அடிக்கும். ஆயில் அளவு பார்ப்பதற்குக்கூட, டொயோட்டாவில் சாவியை அணைத்துவிட்டுப் பெடலை 40 முறையாவது மிதித்து அழுத்தத்தைத் தீர்த்த பிறகே பார்க்க வேண்டும். இல்லையென்றால் பாட்டிலில் ஆயில் குறைவாகத் தெரியும், நீங்களும் தேவையில்லாமல் ஊற்றிவிடுவீர்கள்.

டிஃப் லாக் போட்டதும் ஏபிஎஸ் விளக்கு எரிகிறது. கோளாறா?

பல ஃபோர் வீல் வண்டிகளில் இது கோளாறே இல்லை. டிஃபரென்ஷியல் (சுருக்கமாக டிஃப்) என்பது சக்கரங்கள் வேறு வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கர அமைப்பு; அதைப் பூட்டுவதுதான் டிஃப் லாக். நடு டிஃபரென்ஷியலைப் பூட்டினால் முன் பின் அச்சுகள் ஒன்றோடொன்று கட்டுண்டுவிடும். பின் டிஃபைப் பூட்டினால் இரண்டு பின்சக்கரமும் ஒரே வேகத்தில் சுழலும். ஏபிஎஸ் கம்ப்யூட்டரோ ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் மற்றவற்றோடு ஒப்பிட்டுத்தான் எது பூட்டப்போகிறது என்று கண்டுபிடிக்கிறது. எல்லாம் சேர்ந்தே வேகம் குறைந்தால் ஒப்பிட வழியில்லை. அதனால் லேண்ட் குரூசர் 80 நடு லாக் போட்டதும் ஏபிஎஸ்ஸை நிறுத்தி விளக்கைக் காட்டும். பின் லாக் உள்ள பஜேரோவும் ஹைலக்ஸும் அந்த லாக்கைப் போட்டால் அப்படியே செய்யும். லாக்கை எடுத்ததும் விளக்கு அணைந்தால் கவலை வேண்டாம்.

லாக்கை எடுத்த பிறகும் அணையவில்லையா? சில மீட்டர் நேராகவும் பின்னாலும் ஓட்டிப் பாருங்கள். லாக் சுவிட்ச் ஆஃப் ஆனாலும் உள்ளே பல் விடுபடாமல் நிற்பது உண்டு. அதற்கும் அணையாவிட்டால் டிஃபரென்ஷியல் மேலோ, முன் பின் அச்சுகளுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் மேலோ உள்ள லாக் நிலை காட்டும் சுவிட்சும் அதன் வயரும் சந்தேகத்துக்குரியவை. வயல் சேறு முதலில் போய் ஒட்டும் இடங்களில் இதுவும் ஒன்று.

இதே காரணத்துக்காகத்தான் பல ஃபோர் வீல் வண்டிகளில் ஜி சென்சர் என்று ஒன்று கூடுதலாக இருக்கிறது. வண்டி உண்மையில் எவ்வளவு வேகமாக நிற்கிறது என்பதை அது தனியாகக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். இருக்கை அல்லது கன்சோலுக்குக் கீழே தரையில் இருப்பது வழக்கம். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியிலும், கார்ப்பெட் மாற்றும்போது யாரோ கழற்றிச் சாய்வாகப் பொருத்திய வண்டியிலும் இது கெடும். சாதாரண கார் மெக்கானிக்குகள் பலர் இப்படி ஒன்று இருப்பதையே நினைப்பதில்லை. ஃபோர் வீல் வண்டியில் நான்கு சக்கரமும் சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால் இதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சேற்றில் சிக்கி, சக்கரம் சுழன்றபின் விளக்கு வந்தது.

இரண்டு சக்கரம் வேகமாகச் சுழல, மற்ற இரண்டும் அசையாமல் நின்றால் கம்ப்யூட்டர் அதைச் சென்சர் கோளாறு என்று எண்ணிவிடும். இஞ்சினை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்து, கொஞ்ச தூரம் ஓட்டினால் பெரும்பாலும் போய்விடும். போகாவிட்டால் சக்கரங்களின் உள்பக்கத்தைத் தண்ணீர் விட்டு நன்றாகக் கழுவுங்கள். சேற்றோடு வந்த கல்லோ கம்போ சென்சர் வயரை அறுத்திருக்கலாம்.

பட்டறைக்குப் போகும் முன் நானே எதைப் பார்க்கலாம்?

விளக்கு எப்போது எரிகிறது என்று கவனியுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். ஸ்டார்ட் செய்தவுடனே எரிந்து அணையாமல் நின்றால் அது மின்சாரக் கோளாறு: ஃபியூஸ், ரிலே, வயர் அறுந்த சென்சர், அல்லது கம்ப்யூட்டர். வண்டி நகர்ந்து கொஞ்சம் வேகம் பிடித்த பிறகு எரிந்தால், வயர் சரியாக இருக்கிறது, ஆனால் ஒரு சக்கரத்திலிருந்து சிக்னல் சரியாக வரவில்லை என்று பொருள். பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் எரிந்தால் வயர் உள்ளே முறிந்திருக்கும். ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும் எரிந்தால் வீல் பேரிங் ஆட்டத்தைப் பாருங்கள். மழையில் மட்டும் என்றால் கனெக்டருக்குள் தண்ணீர்.

அடுத்து பேட்டரி. இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் நிறைய பேர் இதை விட்டுவிட்டுச் சென்சர் வாங்குகிறார்கள். வோல்டேஜ் குறைந்தால் ஏபிஎஸ் தன்னை நிறுத்திக்கொள்ளும். இஞ்சின் ஓடாமல் இருக்கும்போது நல்ல பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும், ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். டெர்மினலில் பச்சை பூத்திருந்தால் சுத்தம் செய்யுங்கள். பாடியில் முடுக்கிய எர்த் வயரையும் கழற்றித் துருவைத் தேய்த்துவிட்டு மறுபடி முடுக்குங்கள்.

பிறகு ஃபியூஸ். ஏபிஎஸ்ஸுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஃபியூஸ் இருக்கும். பம்ப் மோட்டாருக்கான பெரிய ஃபியூஸ் பானெட்டுக்குள் உள்ள பெட்டியில் இருக்கும். எரிந்த ஃபியூஸுக்குப் பதில் பெரியதைப் போடக் கூடாது. புதியதும் எரிந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது.

கடைசியாக, வீட்டில் ஒருவரைப் பெடலை மிதிக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் போய்ப் பிரேக் லைட் எரிகிறதா என்று பாருங்கள். பிரேக் சுவிட்ச் சர்க்யூட் அறுந்தாலும் டொயோட்டாவில் ஏபிஎஸ் கோளாறாகப் பதிவாகும்.

எந்தச் சக்கரம் என்று எப்படித் தெரியும்?

கோடு, அதாவது கம்ப்யூட்டர் பதிந்துவைத்திருக்கும் கோளாறு எண்ணை, படிக்க வேண்டும். கடையில் விற்கும் மலிவான புளூடூத் ஸ்கேனர் பெரும்பாலும் இஞ்சின் கோடுகளை மட்டும்தான் காட்டும். அது கோளாறு இல்லை என்று சொன்னால் ஏபிஎஸ் நலம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏபிஎஸ் படிக்கும் ஸ்கேனர் வேண்டும். டொயோட்டாவில் சி 0200 என்றால் வலது முன், சி 0205 இடது முன், சி 0210 வலது பின், சி 0215 இடது பின்.

பழைய டொயோட்டாவில் ஸ்கேனரே தேவையில்லை. சாவி போடாமல், 16 பின் உள்ள சாக்கெட்டில் 4ஆம் எண்ணையும் 13ஆம் எண்ணையும் ஒரு வயரால் இணையுங்கள். பானெட்டுக்குள் டயக்னோசிஸ் என்று எழுதிய பெட்டி இருந்தால் டி.சி., இ 1 என்ற இரண்டையும் இணைக்க வேண்டும், சில மாடல்களில் அங்கேயே உள்ள ஷார்ட் பின்னையும் எடுக்க வேண்டும். பிறகு சாவியை ஆன் செய்யுங்கள், இஞ்சின் வேண்டாம். ஏபிஎஸ் விளக்கு மினுக்கத் தொடங்கும். விடாமல் சீராக மினுக்கினால் கோளாறு இல்லை. 3 முறை மினுக்கி, சற்று நின்று, 1 முறை மினுக்கினால் அது 31. அதாவது வலது முன் சென்சர். 32 இடது முன், 33 வலது பின், 34 இடது பின். 41 வந்தால் பேட்டரி வோல்டேஜ், 51 வந்தால் பம்ப் மோட்டார். சரி செய்தபின் அதே இணைப்பில் பெடலைச் சில நொடிக்குள் 8 முறைக்கு மேல் மிதித்தால் கோடு அழியும். எண்ணைத் தவறாகப் படித்து வேறு இரண்டை இணைத்துவிடாதீர்கள், கம்ப்யூட்டரே போய்விடும். சாக்கெட்டில் எண் சரியாகத் தெரியவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

வலது, இடது என்பது ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து முன்னால் பார்க்கும்போது உள்ள வலது, இடது. நம் நாட்டில் 1970 முதல் சாலையின் வலப்பக்கம் ஓட்டுகிறோம், ஆனால் ஜப்பான் வண்டிக்கு ஸ்டியரிங்கும் வலப்பக்கம்தான். அதனால் சாலை ஓரத்துச் சேறு, குட்டை, உடைந்த விளிம்பு எல்லாவற்றிலும் இறங்குவது ஓட்டுநர் பக்கச் சக்கரங்கள். கோடு படிக்க வழியில்லாதபோது நான் முதலில் குனிந்து பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

சென்சர் கெட்டதா என்று மல்டிமீட்டரில் பார்க்க முடியுமா?

பழைய வகை என்றால் முடியும். அதற்குள் காந்தமும் செப்புக் கம்பிச் சுருளும்தான் இருக்கிறது. கனெக்டரைக் கழற்றி இரண்டு பின்னுக்கு இடையில் ஓம் அளந்தால் பெரும்பாலும் 600 முதல் 2,500 வரை காட்டும். எண்ணைவிட முக்கியம், அதே அச்சின் இடதும் வலதும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பது. ஒன்று 1,200 காட்டி மற்றது எதுவுமே காட்டாவிட்டால் குற்றவாளி கிடைத்துவிட்டது. பின்னுக்கும் பாடிக்கும் இடையில் தொடர்பு இருக்கவே கூடாது. மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் சிறு வோல்டேஜ் வரும், வேகமாகச் சுற்றச் சுற்றக் கூடும்.

புதிய வகைச் சென்சருக்குள் மின்னணுச் சில்லு இருக்கிறது. அதை ஓமில் அளந்து தீர்ப்புச் சொல்லக் கூடாது, கெடுக்கவும் வாய்ப்புண்டு. சாவியை ஆன் செய்து, வண்டிப் பக்கக் கனெக்டரில் மின்சாரம் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். வந்தால், ஸ்கேனரில் நான்கு சக்கரத்தின் வேகத்தையும் பார்த்துக்கொண்டே மெதுவாக ஓட்டுவதுதான் சரியான சோதனை. மூன்று சக்கரம் 20 காட்டும்போது ஒன்று பூஜ்யத்தில் நின்றாலோ குதித்தாலோ அதுதான்.

சென்சரை மாற்றியும் விளக்கு எரிகிறதே?

இது நிறையப் பேருக்கு நடக்கிறது. சென்சர் ஒரு பல் வளையத்தைப் பார்த்துத்தான் வேகத்தை எண்ணுகிறது. அந்த வளையம் வெடித்திருந்தால், ஒரு பல் உடைந்திருந்தால், பல்லுக்கு நடுவே சேறு காய்ந்து இறுகியிருந்தால் எத்தனை சென்சர் மாற்றினாலும் பயனில்லை. சென்சர் முனையில் காந்தம் இருப்பதால் டிஸ்க்கிலிருந்து வரும் இரும்புத்தூள் அதில் தாடி மாதிரி ஒட்டிக்கொள்ளும், துணியால் துடைத்தெடுங்கள். முனைக்கும் பல்லுக்கும் நடுவே சுமார் 1 மில்லிமீட்டர் இடைவெளிதான் இருக்கும். பேரிங் ஆடினால் அந்த இடைவெளி கூடிக் குறையும்.

அண்மையில் பேரிங் மாற்றியிருந்தால் அங்கேயே தேடுங்கள். புதிய வண்டிகளில் தனி வளையம் இல்லை, பேரிங் சீலிலேயே காந்தப் பட்டை ஒட்டப்பட்டிருக்கும். பார்த்தால் சாதாரண சீல் போலவே இருப்பதால், பேரிங்கைத் திருப்பிப்போட்டு அடித்துவிடுகிறார்கள். சென்சர் பார்க்க வேண்டிய பக்கம் உள்ளே போய்விடும், சிக்னல் வராது.

வண்டியை உயர்த்தி ஸ்பிரிங் மாற்றியவர்கள் சென்சர் வயரின் நீளத்தைப் பாருங்கள். ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பியபோது வயர் விறைப்பாக இழுபட்டால் இன்றில்லாவிட்டாலும் விரைவில் உள்ளே முறியும். வெளி ரப்பர் நன்றாகவே இருக்கும், அதனால்தான் கண்ணுக்குத் தெரிவதில்லை. மீட்டரைப் போட்டுக்கொண்டு வயரை அங்கங்கே வளைத்துப் பாருங்கள்.

விளக்கே எரியவில்லை. ஆனால் மெதுவாக நிறுத்தும்போது பெடல் காலை உதறுகிறது.

மோல்மேன், தவாய் போன்ற கடலோர ஊர் வண்டிகளில் இதை எதிர்பார்க்கலாம். சென்சர் உட்காரும் இடத்தில் துரு வீங்கி, சென்சரை மெல்ல மெல்ல மேலே தூக்கிவிடும். பல்லிலிருந்து தூரம் கூடியதால் மெதுவான வேகத்தில் சிக்னல் மங்கிப்போகும். அந்தச் சக்கரம் பூட்டிவிட்டது என்று கம்ப்யூட்டர் எண்ணி, நிற்கப்போகும் நேரத்தில் பிரேக்கை விடுவிக்கும். வண்டி நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போகும். விளக்கு எரியவில்லை என்பதற்காக இதைத் தள்ளிப்போடாதீர்கள். எரிந்துகொண்டிருக்கும் விளக்கைவிட இது ஆபத்தானது. சென்சரைக் கழற்றி, உட்காரும் முகத்தைச் சுத்தமான இரும்பு தெரியும்வரை தேய்த்து, லேசாக கிரீஸ் பூசிப் பொருத்தினால் தீரும். இறுகிப்போன சென்சரை நெம்பினால் பிளாஸ்டிக் உடையும். துரு எண்ணெய் ஊற்றி ஒரு இரவு ஊற விட்டு, இப்படியும் அப்படியும் திருகி எடுங்கள்.

டயர் மாற்றிய பின் விளக்கு வந்தது.

நான்கும் ஒரே அளவா? முன்னால் ஒரு அளவு, பின்னால் ஒரு அளவு போட்டால் சக்கரங்கள் வேறு வேறு வேகத்தில் சுழலும். ஏபிஎஸ் குழம்புவதோடு ஃபோர் வீல் போட்டதும் டிரான்ஸ்ஃபர் கேஸும் அடிவாங்கும். ஒரே அளவில், ஏறக்குறைய ஒரே தேய்மானத்தில் நான்கும் இருக்க வேண்டும். காற்றையும் பாருங்கள்.

திங்யானில் (பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவில்) தண்ணீர் பட்டதால் கெடுமா?

வாளித் தண்ணீரால் கெடாது. சக்கர உள்பக்கத்தில் குழாயை வைத்து அழுத்தமாக அடித்தால் பழைய கனெக்டருக்குள் தண்ணீர் புகும். கழற்றி, காற்றடித்து உலர்த்துங்கள். பச்சை பூத்த பின்னைச் சுத்தம் செய்து, மின் இணைப்புக்கான கிரீஸ் போட்டு மூடினால் அடுத்த மழைக்காலத்துக்கும் சேர்த்துப் பாதுகாப்பு.

பம்ப் போய்விட்டது, யூனிட்டையே மாற்ற வேண்டும் என்கிறார்கள்.

எந்தக் கோடு வந்தது என்று கேளுங்கள். கோடே படிக்காமல் பம்ப் என்று சொன்னால் வேறு இடம் பாருங்கள். சக்கர சென்சர் கோடுக்குப் பம்பை மாற்றுவதில் எந்த நியாயமும் இல்லை. பம்ப் கோடே வந்தாலும் ஃபியூஸ், ரிலே, மோட்டாரின் எர்த் மூன்றையும் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

உண்மையிலேயே மாற்ற வேண்டியிருந்தால் ஜப்பான் பழைய சாமான் வாங்கலாம், ஆனால் பார்ட் நம்பர் ஒத்துப்போக வேண்டும். ஒரே மாடலிலும் லாக் உள்ளதும் இல்லாததும் வேறு வேறாக இருக்கும். பொருத்திய பிறகு யூனிட்டுக்குள் காற்று தங்கினால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். சில வண்டிகளில் ஸ்கேனரால் பம்பை ஓடவிட்டுத்தான் அந்தக் காற்றை எடுக்க முடியும். அந்த வசதி இருக்கிறதா என்று வேலை கொடுக்கும் முன்பே கேளுங்கள். பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியிருந்தால் யூனிட் பெரும்பாலும் இந்த நிலைக்கே வராது. ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், அந்த ஈரம்தான் உள்ளே வால்வைத் துருப்பிடிக்க வைக்கிறது.

பல்பைக் கழற்றிவிட்டால் என்ன?

செய்யாதீர்கள். நீங்கள் அந்த வண்டியை விற்றால், ஏபிஎஸ் இருக்கிறது என்று நம்பி இன்னொருவர் தன் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போவார். பழைய வண்டி வாங்கும்போது நீங்களும் இதைச் சோதியுங்கள். சாவியை ஆன் செய்ததும் ஏபிஎஸ் விளக்கு தனியாக எரிந்து, தனியாக அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பு எடுக்கப்பட்டிருக்கலாம். இஞ்சின் ஸ்டார்ட் ஆகும் அதே நொடியில் பேட்டரி விளக்கோடு சேர்ந்து அணைந்தால், இரண்டையும் ஒரே வயரில் கட்டியிருக்கிறார்களா என்று சந்தேகப்படுங்கள்.

விளக்கு எரியும்போதே மேமியோ அல்லது தவுங்ஜி மலைப்பாதையில் இறங்க வேண்டியிருந்தால்?

தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுங்கள். முடியாதென்றால், இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து இஞ்சினாலேயே வண்டியைப் பிடித்து இறக்குங்கள். தார்ச் சாலை காய்ந்திருந்தால் பார்ட் டைம் ஃபோர் வீலை (தேவைப்படும்போது மட்டும் போட்டுக்கொள்ளும் வகையை) போட வேண்டாம். வளைவுக்கு முன் நேர்ச்சாலையிலேயே வேகத்தைக் குறைத்துவிடுங்கள், வளைவுக்குள் மிதிக்காதீர்கள். சக்கரம் வழுக்குவது தெரிந்தால் காலைக் கொஞ்சம் தளர்த்தி, அது மறுபடி சுழன்றதும் மிதியுங்கள். ஏபிஎஸ் நன்றாக உள்ள வண்டியில் இதற்கு நேர்மாறு: பலமாக மிதித்து, பெடல் அதிர்ந்தாலும் காலை எடுக்காமல், ஸ்டியரிங்கால் தப்பிக்க வேண்டும்.